சாரைக்காரர்

சுவாமிதாஸுக்கு ஊரில் இரண்டு பெயர்கள் இருந்தன. நாற்பத்தாறு வயதுவரை சாரைக்காரர். அதற்குப் பிறகு மூர்க்கன்காரர்; மூர்க்கன் என்றால் அந்தப் பக்கத்தில் நல்ல பாம்பு. முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிரிப்பார். இரண்டாவது பெயரைச் சொன்னவர்களை நிறுத்திவைத்துத் திருத்துவார். பஸ்சுக்கு ஓடுகிறவர்களானாலும் விடமாட்டார். "மூர்க்கன் இல்ல, கேட்டியளா. சாரையாக்கும்" என்று தொடங்கி முழுவதையும் சொல்லித்தான் அனுப்புவார். அந்த முழுவதில் அவருக்குப் பெருமை தருவது ஒன்றும் கிடையாது.

பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளைக்குப் போகும் ரோட்டிலிருந்து இறங்கும் இடவழியில் அவர் வீடு. பழைய மிஷன் சபைக் குடும்பம். அப்பா காலத்திலிருந்தே மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு வியாபாரம். பச்சைக் கிழங்கை வாங்கி, தோலுரித்து அரிந்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறையில் காயப்போட்டு, மழைக்காலம்வரை மூடையில் வைத்திருந்து விற்பார்கள். அடுக்களையை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய ஜன்னலில்லாத அறை ஒன்றில் மூடைகள் இருந்தன. அறைக்கு மேலே பாதிவரை பலகை அடித்த பரண். ஏறுவதற்கு ஒரு மூங்கில் ஏணி.

உலர்ந்த மரச்சீனி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அவர் முதலில் ஒரு பூனையைக் கொண்டுவந்தார். அதற்கு எலியைவிடப் பக்கத்து வீட்டு விஜயம்மாவின் கோழிக்குஞ்சுகள் பிடித்துப்போயின. நாலாவது குஞ்சின் ஒற்றைச் சிறகோடு விஜயம்மா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, "இந்தாரும், உம்ம பூனைக்குக் கறி பாக்கி இருக்கு" என்றாள். பூனை அன்றே களியக்காவிளைச் சந்தைக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் கிழங்குவிளையில் கிழங்கு தோண்டிய ஆட்கள் பழைய புற்று ஒன்றுக்குள் முட்டைகளைக் கண்டார்கள். மண்வெட்டியால் உடைத்துக்கொண்டே போனவர்களிடமிருந்து மூன்றை அவர் துண்டில் பொதிந்து எடுத்துவந்தார். உமிக்குள் வைத்தார். ஒன்று பொரிந்தது. பென்சில் தடிமனில் ஒரு சாரைக்குஞ்சு.

வீட்டுக்குள் பாம்பு என்றதும் அவர் மனைவி ராஜபாய் இரண்டு நாள் விஜயம்மா வீட்டில் போய்ப் படுத்தாள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, "அது எங்க கிடக்குதுண்ணு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா பயமில்ல" என்றாள். அதற்காகவே தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கி, மூடிக்குக் கல் வைத்து, அதில் விட்டார். சாயங்காலம் மூடியைத் திறந்துவிட்டு அறையைச் சாத்துவார். காலையில் அது தானாகவே பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். இரண்டே வருஷத்தில் ஆள் நீளம் வளர்ந்துவிட்டது. மூடைகளில் ஓட்டை விழுவது நின்றது.

ராஜபாய்தான் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தாள். பொழுது சாய்ந்தபின் கிழங்கெடுக்க அறைக்குள் போக வேண்டியிருந்தால் சிம்னி விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "கங்காணி, கொஞ்சம் வழி விடும்" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். விளக்கில்லாமல் அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

ஒருதரம் மூடைக்குப் பின்னாலிருந்து இழுக்கும்போது அது சுவாமிதாஸின் மணிக்கட்டைக் கவ்வியது. பிறைவடிவில் இரண்டு வரிசை, ஊசிமுனை போலப் பல் பதிந்து ரத்தம் ஒழுகியது. ராஜபாய் அலறினாள். அவர் மஞ்சளை அரைத்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவ்வளவுதான் பிள்ளே. விஷம் கிடையாது. முள்ளு கீறினது போலதான். மஞ்சள் வெச்சா போச்சு."

ஒரு வாரத்தில் புண் ஆறியது. அந்தக் கையைக் காட்டிக் காட்டியே அவளுடைய பயத்தை எடுத்தார். பயத்தை எடுத்ததில் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

சபையில் கேலிக்குக் குறைவில்லை. ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் ஒரு கமிட்டிக்காரர், "சுவாமிதாசே, அது ஏதேன் தோட்டத்துக் குடும்பமாக்கும். ராஜபாய்க்கிட்டே பேச்சுக் குடுக்காம பாத்துக்கிடும்" என்பார். விஜயம்மாவோ நாகத்துக்கு உகந்த ஆயில்ய நாள் வந்தால் ஒரு சிரட்டைப் பாலும் மஞ்சள்பொடியும் வேலிக்கு மேலாக நீட்டுவாள். கங்காணி பாலைத் திரும்பியும் பார்க்காது. ராஜபாய் அதைக் காப்பியில் ஊற்றிவிட்டு, "குடிச்சாச்சு, நல்லா குடிச்சாச்சு" என்று மறுநாள் சிரட்டையைக் கழுவிக் கொடுப்பாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ராஜபாய்க்கு ஒரு தம்பி இருந்தான், ராபின்சன். நாலு வயதில் தாயை இழந்தவனை அவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு அவன் களியக்காவிளையில் சைக்கிள் கடை வைத்தான். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் சூடுபிடித்த வருஷங்களில் அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டியதைவிட நோட்டீஸ் ஒட்டப் பசை காய்ச்சியதுதான் அதிகம்.

"அத்தான், இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் நமக்குக் கிடைக்கும். பாருங்க" என்பான்.

"கிடைச்சா எங்க கொண்டு வைப்ப? உனக்க கடையிலே ரெண்டு சைக்கிளுக்கே இடமில்ல" என்பார் சுவாமிதாஸ். அவருக்கு எந்தப் பக்கமும் கிடையாது. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம். எந்த பாஷையில் கூவினாலும் மரச்சீனி விற்றது.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டாம் நாள் விடியும்போது, மழையில் நனைந்து, தோளில் தடியடிபட்டு வீங்கிய நிலையில், ராபின்சன் வயல் வழியாக வந்து அடுக்களைக் கதவைத் தட்டினான். கையில் கிடைத்தவர்களையெல்லாம் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற நேரம். ஸ்டேஷனுக்குள் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதையும் ஊர் பார்த்திருந்தது. ராஜபாய் கதவைத் திறந்தாள். துவைத்த முண்டு ஒன்றைக் கொடுத்து, ஏணியைச் சாய்த்து, பரணில் ஏற்றினாள்.

மத்தியானத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. அக்கா வீடு அவர்களுக்குத் தெரியாதா? மூன்று அறையையும் கலைத்தார்கள். மரச்சீனி அறைக்குள் நுழைந்த கான்ஸ்டபிள் வடக்கேயிருந்து வந்தவர். தேயிலைப் பெட்டிமேலிருந்த கல்லைப் பூட்ஸால் தள்ளி, மூடியைத் திறந்தார். கங்காணி பெட்டி நிறைய எழும்பி, அவர் பூட்ஸின் மேலேயே வழிந்து இறங்கி, மூடைகளுக்கு இடையில் போய் மறைந்தது. அவர் வெளியே வந்து விழுந்தபோது தொப்பி உள்ளே கிடந்தது.

"எந்தாடோ அது?"

பரணின் விளிம்புக்கும் அந்தப் பெட்டிக்கும் எட்டடி தூரம். சுவாமிதாஸுக்கு அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததுதான் வந்தது. "மூர்க்கனாணு, சாரே. ஞான் வளர்த்துந்நதாணு."

நல்ல பாம்பை வளர்க்கிற பைத்தியக்காரனை அந்தக் கான்ஸ்டபிள் அதுவரை பார்த்ததில்லை. வேலிக்கு அப்பால் நின்ற விஜயம்மாவிடம் விசாரித்தார்கள். விஜயம்மா ஒரு கணம் சுவாமிதாஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துப் படத்தின் அகலத்தைக் காட்டினாள். முறத்தின் அகலம் இருந்தது.

அதோடு போலீஸ் அந்த அறை வாசலைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. ராபின்சன் எப்படியும் வருவான் என்று அந்த வடக்கத்திக்காரரோடு இன்னொரு கான்ஸ்டபிளையும் வராந்தாவில் காவலுக்குப் போட்டுவிட்டு ஜீப் போனது. இருவரும் பெஞ்சில் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். ராஜபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டு கொடுக்கும்போது, "காலைக் கீழ வெச்சுக்கிடுங்க சாரே. அதுக்கு வராந்தா பிடிக்காது" என்பாள். அவர்கள் வைக்கமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அடுக்களையில், கிழங்கு வேகும் சத்தத்தில், அவள் மெல்லக் கேட்டாள். "கங்காணி எங்க கிடக்குண்ணு தெரியாம எனக்கு என்னவோ போல இருக்கு. ஒண்ணு தேடிப் பிடிச்சு பெட்டியில போடுங்களேன்."

"தேடாண்டாம். அது வெளியே கிடக்கும்வரை அவன் உள்ளே இருக்கலாம். ரெண்டு மூணு நாளு. ரோட்டிலே கெடுபிடி கொறஞ்சா வயல்வழியா கடத்திவிட்டிரலாம்."

"கஞ்சி குடுக்கணுமே."

கஞ்சி கொடுப்பதற்கு அவர் ஒரு வழி யோசித்துவைத்திருந்தார். மூர்க்கன் கிடக்கும் அறைக்குள் யாரும் போகமாட்டார்கள். அதனால் அங்கே விளக்கு தெரியக்கூடாது. பேச்சு கேட்கக்கூடாது. ஆனால் பொழுது சாய்ந்ததும் மிஷன் வீடுகளில் குடும்ப ஜெபம் உண்டு. கீர்த்தனை பாடுவது வழக்கம். அவர் முன்னறையில் உட்கார்ந்து உரக்கப் பாடுவார். அந்தப் பாட்டுக்குள் அவள் பின்னால் போய், ஏணியில் இரண்டு படி ஏறி, தூக்குவாளியைப் பரணுக்கு நீட்டி, காலி வாளியை வாங்கிக்கொண்டு, ஆமென் சொல்வதற்குள் வந்துவிட வேண்டும். அவளும் பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது.

"இருட்டிலேயா?" என்றாள்.

"சாரைதானே பிள்ளே. மிதிச்சாலும் என்ன செய்யும்?" என்று அவர் மணிக்கட்டைக் காட்டினார்.

முதல் நாள் நடந்தது. இரண்டாம் நாளும் நடந்தது. வராந்தாவில் ஒரு கான்ஸ்டபிள், "இயாளு நல்ல பக்தனாணு" என்று மற்றவரிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது. பாறையிலிருந்து தண்ணீர் இறங்கி, கொல்லையெல்லாம் நனைந்து கிடந்தது. சுவாமிதாஸ் நாலு சரணமுள்ள பாட்டாகப் பார்த்து எடுத்தார். மூன்றாம் சரணத்தில் ராஜபாய் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம். முகத்தில் சிரிப்பு இருந்தது. அவர் பாடிக்கொண்டே புருவத்தை உயர்த்தினார். அவள் கையால் பொறு என்று காட்டினாள். பாட்டை நடுவில் நிறுத்த முடியாது. நாலாம் சரணத்தையும் பாடி, ஜெபத்தையும் சொல்லி முடித்தார். ஆமென் சொன்ன பிறகு அவள் நெருங்கி வந்தாள்.

"கங்காணி உள்ள தான் கிடக்கு. சமாதானமாச்சு."

"கண்டியா?"

"இருட்டிலே என்னத்த காண? ஏணிக்க அடியிலே மிதிச்சிட்டேன். பெருவிரலுக்கு மேல ஒண்ணு வெச்சுட்டுப் போச்சு."

"ரத்தம் வருதா?"

"இல்ல. எறும்பு கடிச்சது போல இருந்துது. அவ்வளவுதான்." பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்க மூர்க்கன் கடிச்சாச்சு. இனி எத்தனை நேரம் இருப்பேனோ."

அவருக்கும் சிரிப்பு வந்தது. வராந்தாவில் கேட்காமலிருக்க இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதற்குள் கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். சுவாமிதாஸ் எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார். போகும்போது, "மஞ்சள் வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார். விளக்கு அவர் கையில்தான் இருந்தது. ஒரு முழம் தாழ்த்தியிருந்தால் அவளுடைய கால் தெரிந்திருக்கும்.

சாரை கடித்தால் ரத்தம் வரும். அவர் மணிக்கட்டில் வந்தது. எறும்பு கடித்தது போல இருக்காது. இது அவருக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பின்னாளில் யாரையாவது நிறுத்திக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்.

விடியும் முன்பே அவளுக்கு வயிறு வலித்தது. கிழங்கு சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்றாள். ஓமம் காய்ச்சிக் கொடுத்தார். குடித்ததில் பாதி கடைவாயில் வழிந்தது. "கண்ணைத் தொறக்க முடியல்ல" என்றாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அப்போதுதான் அவர் விளக்கைக் காலடிக்குக் கொண்டுபோனார். பெருவிரலுக்கு மேலே, மஞ்சளுக்கு அடியில், இரண்டு புள்ளிகள். வரிசையும் இல்லை, பிறையும் இல்லை. வீக்கம்கூட இல்லை.

அவர் வராந்தாவுக்கு ஓடினார். காரோடு என்ற பக்கத்து ஊரில் வேலாயுதன் என்ற விஷவைத்தியர் இருந்தார். அங்கே போக வேண்டும். கான்ஸ்டபிள் குறுக்கே தடியை நீட்டினார். "மூர்க்கன் கடிச்சு, சாரே" என்றார் சுவாமிதாஸ். அப்போதும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

காலை மடித்து உட்கார்ந்திருந்த அந்த மனிதர் கெட்டவரல்ல. ரோட்டில் நாலு இடத்தில் தடுப்பு இருந்தது. இவரை யாரும் விடமாட்டார்கள். தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனார். வேலாயுதன் வைத்தியர் வீட்டில் கதவைத் தட்டினார். விஷம் என்று சொல்லி யார் வந்தாலும், சாப்பிட்ட கையோடு எழுந்து போகிறவர் அந்த வைத்தியர். கூலி வாங்கக் கூடாது என்பது அவருடைய குருவழிக் கட்டளை. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெரிந்தது யூனிபாரம். ஊரில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவர் பின்வாசல் வழியாக வாழைத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய மனைவி வந்து, "பிடிக்க வந்ததல்ல, விஷத்துக்கு வந்ததாக்கும்" என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குள் முக்கால் மணிநேரம் ஆகிவிட்டது.

அவர் வந்து சேர்ந்தபோது ராஜபாயின் தலையை விஜயம்மா மடியில் வைத்திருந்தாள். மூச்சு நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. வைத்தியர் காலைப் பார்த்தார். கண்ணிமையை உயர்த்திப் பார்த்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, "தூதன் யூனிபாரத்திலே வந்தா எனக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன தெரியும்?" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் சேர்ந்தது. இவன் வளர்த்த மூர்க்கன்தான் கடித்தது என்று கான்ஸ்டபிள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மூர்க்கன் கிடையாது என்று பக்கத்து நாலு வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களிலும் ஒருவர் சொன்னார்: "சாரை நல்ல பாம்போட சேந்தா அதுக்கும் விஷம் ஏறும்ணு சொல்லுவாவ." மற்றொருவர் ஆமாம் என்றார்.

சுவாமிதாஸ் சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிக்கூட இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இருக்க வேண்டும் என்று தோன்றியது. பத்து வருஷம் விஷமில்லாமல் இருந்த ஒன்று ஒரே நாளில் மாறினால் அதை யார் கண்டுபிடிக்க முடியும்? அப்படியானால் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய்யல்ல. அந்த அறைக்குள் நேற்றுக் கிடந்தது கங்காணியாகவே இருக்கட்டும் என்று அவர் ஜெபித்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஜெபத்தை அவர் செய்ததில்லை.

நாலைந்து பேர் உலக்கையும் கம்பும் எடுத்துக்கொண்டு மரச்சீனி அறைக்குள் போனார்கள். கான்ஸ்டபிள்கள் டார்ச் அடித்தார்கள். முன்வரிசை மூடைகளை இழுத்துப்போட்டார்கள். ஒருவர் கம்பைப் பரண்பக்கம் நீட்டிப் பலகையைத் தட்டினார்.

"தட்டாண்டாம்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

ராபின்சன் ஏணியில் இறங்கினான். வீங்கிய தோளோடு, ஒரு கையால்தான் ஏணியைப் பிடித்திருந்தான். மற்றக் கையிலும் கழுத்திலுமாகக் கங்காணி சுற்றிக் கிடந்தது. கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கான்ஸ்டபிள்கள் வாசலுக்கு வெளியே போய்விட்டார்கள். அவன் அக்கா கிடந்த அறைக்கு வந்து, அவளைப் பார்க்காமல், சுவாமிதாஸின் முன்னால் நின்றான்.

"அத்தான், இது இல்ல. போலீசு பெட்டியைத் தொறந்த அண்ணைக்கே இது மேல ஏறி வந்திட்டு. மூணு நாளும் எனக்க கால்மாட்டிலே தான் கிடந்துது. நேத்து அக்கா கஞ்சி நீட்டும்போ சொல்லணும்ணு வாய்வரை வந்துது. பேசாண்டாம்ணு சொல்லியிருந்தீங்க."

சுவாமிதாஸ் பாம்பைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. மூன்று நாளாகத் தேடாமல் விட்டது கிடைத்துவிட்டது.

வேலாயுதன் வைத்தியர் எழுந்துவந்து, பாம்பையும் ராஜபாயின் காலையும் ஒருதரம் பார்த்தார். "இது பாவம். கடிச்சது கட்டுவிரியனாக்கும். மழைக்கு உள்ளே கேறியிருக்கும்" என்றார். ஏணியின் அடியிலிருந்த மூடையை நகர்த்தியபோது சுவரோரத்தில் அது இருந்தது. இரண்டு முழம்கூட இல்லை. விரல் பருமன். கறுப்பில் வெள்ளை வளையங்கள். யாரோ ஒருவர் உலக்கையால் அடித்தார். ஒரே அடி.

ராபின்சனைப் பிடிப்பதற்குக் கான்ஸ்டபிள்கள் அவசரப்படவில்லை. பாம்பை அவன் பெட்டியில் விட்டு மூடும்வரை காத்திருந்தார்கள். பிறகு அந்த வடக்கத்தி மனிதர், அடக்கம் முடியட்டும் என்றார். கல்லறைத் தோட்டம்வரை ராபின்சன் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தான், அடிபடாத தோளில். கான்ஸ்டபிள்கள் மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அவன் மண் போட்ட பிறகு கையைக் கழுவச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் விலங்கு.

சபைப் போதகரான ஐயர் கல்லறையில் கீர்த்தனை எடுத்தபோது எல்லோரும் பாடினார்கள். சுவாமிதாஸ் பாடவில்லை. அதற்குப் பிறகு அவர் பாடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பார்.

கங்காணியைக் கிழங்குவிளைக்கு அப்பால், பழைய புற்று இருந்த இடத்தில் கொண்டு விட்டார். அது கொஞ்ச நேரம் அவர் காலடியிலேயே கிடந்தது. பிறகு மெல்லப் போனது. மரச்சீனி வியாபாரத்தையும் அந்த வருஷத்தோடு விட்டுவிட்டார். பாறையை வேறு ஒருவர் கிழங்கு காயப்போட எடுத்துக்கொண்டார்.

நாலு வீட்டில் தெரிந்த உண்மை நாலு வீட்டோடு நின்றது. கான்ஸ்டபிள் வராந்தாவில் சொன்னது அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. சுவாமிதாஸ் மூர்க்கன்காரர் ஆனார். அவர் திருத்தத் தொடங்கியது அப்போதுதான். மூர்க்கன் என்று போலீசிடம் சொன்னது தான்தான் என்றும், விளக்கு வேண்டாம் என்றதும் தான்தான் என்றும், ரத்தம் வரவில்லை என்று அவள் சொல்லியும் காலைப் பார்க்காமல் தண்ணீர் மொள்ளப் போனதும் தான்தான் என்றும் சொல்லாமல் அந்தச் சாரையைக் காப்பாற்ற முடியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்வார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த முறையும் மூர்க்கன்காரர் என்றே சொன்னார்கள்.

ராபின்சன் ஆறு மாதம் கழித்து வெளியே வந்தான். ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை பிரிந்தது. அவன் கேட்ட தாலுகாக்களில் நாலு அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. களியக்காவிளை வேறு மாநிலம், பாறசாலை வேறு மாநிலம். நடந்தால் அதே தூரம்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவன் வருவான். கல்லறைக்குப் போவார்கள். திரும்பி வந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடிப்பார்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் முழுவதற்கும் சொல்கிற கதையைச் சுவாமிதாஸ் அவனிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாயும்போது, காலியாகக் கிடந்த அந்தச் சாய்ப்பு அறையில், ஏணி இருந்த இடத்தில், தரையில் அவர் ஒரு சிம்னி விளக்கு வைப்பார். விஜயம்மா அதை ராஜபாயின் நினைவுக்கு ஏற்றுகிற விளக்கு என்று நினைத்தாள். ஒருநாள் வேலி வழியாக எட்டிப் பார்த்தபோது, அவர் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அவருடைய கடைசி ஆகஸ்டில் ராபின்சன் வந்தபோது அவருக்கு எழுந்து நடக்கக் கஷ்டமாக இருந்தது. ராபின்சனுக்கும் தலை நரைத்திருந்தது. இருட்டத் தொடங்கியதும் அவர் விளக்கை ஏற்றச் சொன்னார். அவன் ஏற்றிக் கொடுத்தான்.

"அத்தான், நான் கொண்டு வைக்கட்டா?"

"வேண்டாம். நீ அந்தப் பாட்டை எடு."

எந்தப் பாட்டு என்று அவன் கேட்கவில்லை. அந்த மூன்றாம் நாள் பாட்டைப் பரணில் கிடந்து கேட்டவன் அவன். முன்னறையில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தான். குரல் நல்லதல்ல. இரண்டாம் சரணத்தில் வார்த்தை மறந்து, முதலாவதையே திரும்பப் பாடினான். சுவாமிதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு, விளக்கைத் தரையோடு தாழ்த்தி, அடுக்களை வழியாகச் சாய்ப்பு அறைக்குள் போனார். அவன் பாட்டை நிறுத்தவில்லை. மூன்றாம் சரணம் வந்தது. நாலாவதும் வந்தது.

முடிந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். விளக்கு அவருடைய கால்விரல்களுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல மக்கா" என்றார். "எல்லா இடமும் பாத்தாச்சு."